சுத்திகரித்த தண்ணீர் ஓடும் வீட்டில் உலோகக் குழாயைக் காப்பது எப்படி

வாஷ்பேசினில் சொட்டு விழும் இடத்தில் நீலப்பச்சையாக ஒரு கறை படிந்தால், பெரும்பாலானோர் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது அழுக்கு இல்லை. வீட்டுக்குள் எங்கோ செம்பு கரைகிறது. கரைந்தது சொட்டோடு வந்து வெள்ளைப் பீங்கானில் களிம்பாக உட்காருகிறது. வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. (சவ்வு வழியாகத் தண்ணீரிலுள்ள உப்பை நீக்கும் இயந்திரம்) போட்ட பிறகு இந்தக் கறை புதிதாக வந்திருந்தால், குழாயைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நான் குழாய் வேலை செய்கிறவன். சுத்திகரிப்பு இயந்திரமும் பொருத்துகிறேன். இந்த இரண்டு வேலையையும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்தான் செய்கிறார்கள். இயந்திரம் பொருத்த வருகிறவர் தண்ணீரைச் சோதிக்கிறார், அது எந்தக் குழாயில் ஓடப்போகிறது என்று கேட்பதில்லை. குழாயைச் சரிசெய்ய வருகிறவர் ஓட்டையை அடைத்துவிட்டுப் போகிறார், தண்ணீரைச் சோதிப்பதில்லை. இடையில் கெட்டுப்போவது வீட்டுக்காரரின் குழாய். சில சமயம் வீட்டுக் குழந்தையின் உடம்பும் சேர்ந்து கெடுகிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: குடிக்கும் தண்ணீரைக் குடிக்கிற இடத்தில், குழாயின் கடைசி முனையில் சுத்திகரியுங்கள். வீட்டு வாசலிலேயே மொத்தத் தண்ணீரையும் ஆர்.ஓ. செய்து உலோகக் குழாய்களில் விட்டே ஆக வேண்டும் என்றால், குழாய்க்குள் விடுவதற்கு முன் அந்தத் தண்ணீருக்குக் கொஞ்சம் சுண்ணாம்பைத் திருப்பிக் கொடுங்கள்.

உண்மையில் அரிப்பது எது

‘சுத்தமான தண்ணீர் உலோகத்தைத் தின்னும்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களில் ஓடும் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைவிடப் பல மடங்கு சுத்தமானது; அது எஃகுக் குழாய்களில்தான் ஓடுகிறது. அங்கே கரைந்த ஆக்சிஜனை நீக்கிவிட்டு, தண்ணீரைச் சற்றே காரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காற்றுப் புகாத மூடிய சுற்றுகளிலும் உப்பு நீக்கிய தண்ணீரை விரும்பித்தான் நிரப்புகிறார்கள். உள்ளே இருக்கும் கொஞ்ச ஆக்சிஜன் தீர்ந்ததும் அரிப்பு அடங்கிவிடும். அதோடு, உப்பு குறைந்த தண்ணீரில் மின்சாரம் எளிதில் ஓடாது. எனவே இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில் நடக்கும் மின்வேதி அரிப்பும் மூட்டை விட்டு அதிக தூரம் பரவாது.

அப்படியானால் வீட்டில் மட்டும் ஏன் குழாய் கெடுகிறது? மூன்று காரணங்கள் சேர்கின்றன.

முதலாவது, கரியமில வாயு. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் இந்த வாயு கரைந்திருக்கும். கூடவே பைகார்பனேட்டும் இருக்கும். பைகார்பனேட் இருக்கும்வரை அந்த வாயுவால் தண்ணீரைப் பெரிதாக அமிலமாக்க முடியாது. ஆர்.ஓ. சவ்வு பைகார்பனேட்டைத் தடுத்து நிறுத்திவிடும், ஆனால் வாயுவைத் தடுக்காது. அது அப்படியே சவ்வைக் கடந்து வந்துவிடும். அமிலம் வந்துவிட்டது, அதை அடக்கி வைத்த பொருள் வெளியே போய்விட்டது. அதனால்தான் ஆர்.ஓ. தண்ணீரின் பி.எச். (7-க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம்) பெரும்பாலும் 5-க்கும் 6.5-க்கும் இடையில் நிற்கிறது. உப்பு எதுவும் இல்லாத தண்ணீரைச் சும்மா காற்றில் திறந்து வைத்தாலே அதன் பி.எச். சுமார் 5.6-க்கு இறங்கிவிடும்.

இரண்டாவது, ஆக்சிஜன். வீட்டுத் தண்ணீர் தொட்டியில் நிற்கிறது, காற்றோடு கலக்கிறது, தினமும் புதிதாக வருகிறது. மூடிய சுற்றில் தீர்ந்துபோகும் ஆக்சிஜன் இங்கே தீர்வதே இல்லை.

மூன்றாவது, உட்பூச்சு. குழாய்க்குள் சுண்ணாம்பும் உலோகத்தின் கார்பனேட்டும் சேர்ந்து காலப்போக்கில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். குழாயைப் பெரும்பாலும் காப்பது இந்தப் படலம்தான். கடினத்தன்மையும் (கரைந்த கால்சியம், மெக்னீசியம்) காரத்தன்மையும் (அமிலத்தை அடக்கும் பைகார்பனேட்டின் அளவு) இல்லாத தண்ணீர் புதுக் குழாயில் இந்தப் படலத்தை உருவாக்காது. பழைய குழாயில் இருப்பதையும் மெல்லக் கரைத்துவிடும். நகரக் குடிநீரில் குழாய் அரிப்பைத் தடுக்க ஆர்த்தோபாஸ்பேட் சேர்ப்பதுண்டு. ஆர்.ஓ. அதையும் சேர்த்து நீக்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. இந்தப் பாதுகாப்பு போனால் என்ன ஆகும் என்பதை 2014-இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் காட்டியது. அங்கே தண்ணீரின் மூலத்தை மாற்றியபோது அரிப்புத் தடுப்பானைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களில் இருந்த ஈயம் குடிநீரில் இறங்கியது. அது ஆர்.ஓ. தண்ணீர் அல்ல, ஆற்றுத் தண்ணீர். ஆனாலும் குழாய் விஷயத்தில் பாடம் ஒன்றுதான்: தண்ணீரின் தன்மை மாறினால், பல்லாண்டுகளாகப் படிந்த படலம் நிலைகுலையும்.

ஆகவே கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. பி.எச். என்ன, காரத்தன்மை எவ்வளவு, ஈயம் இருக்கிறதா என்று அது எதுவும் சொல்லாது. இயந்திரம் விற்கிறவர் அதை மட்டும் காட்டிவிட்டுப் போனால், சோதனை இன்னும் தொடங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இயந்திரம் என்று முதலில் பாருங்கள்

சுத்திகரிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் குழாய்க்கு அவை ஒன்றல்ல. புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், தண்ணீரின் வேதியியலைத் தொடாது. அல்ட்ரா ஃபில்டரும் அப்படியே. இந்த இரண்டைப் பற்றிக் குழாய்க்காகக் கவலைப்பட வேண்டாம்.

கார்பன் ஃபில்டர் பி.எச்.-ஐயோ கடினத்தன்மையையோ பெரிதாக மாற்றாது, குளோரினை எடுத்துவிடும். வாசலிலேயே கார்பன் வைத்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் குழாயிலும் கிருமியைத் தடுக்க எதுவும் இருக்காது. நாள்பட நிற்கும் குழாய்களில் வழவழப்பான கிருமிப் படலம் படியும்; அந்தப் படலத்துக்கு அடியிலும் உலோகம் அரிக்கும். வாசலில் கார்பன் வேண்டாம், சமையலறைக் குழாயில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன்.

சாஃப்ட்னரைப் பற்றி நிறையக் குழப்பம் உண்டு. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. பைகார்பனேட் அப்படியே இருக்கும், பி.எச். பெரிதாக மாறாது, மொத்த உப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். எனவே சாஃப்ட்னர் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் குழாயிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சாஃப்ட்னரில் கவனிக்க வேண்டியவை இரண்டுதான். உப்பு நீரால் கழுவும் சுழற்சி முடிந்ததும் நன்றாக அலசப்படுகிறதா என்று பாருங்கள். அலசல் போதாமல் குளோரைடு வீட்டுக் குழாய்க்குள் போனால் பித்தளை பாதிக்கப்படும். அப்புறம், கடினத்தன்மையைச் சுத்தமாகச் சைபருக்கு இறக்காதீர்கள். இயந்திரத்தில் உள்ள கலப்பு வால்வைக் கொஞ்சம் திறந்து, லிட்டருக்கு 50 முதல் 80 மில்லிகிராம் வரை மிச்சம் வையுங்கள்.

இனி நான் சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ஆர்.ஓ.வுக்கும், காய்ச்சி வடித்த தண்ணீருக்கும், முழுமையாக உப்பு நீக்கும் இயந்திரங்களுக்கும் உரியவை.

குழாய் என்ன உலோகம்

ஒரு காந்தமும் சிறு கத்தியும் போதும். பெயின்ட் இருந்தால் ஓர் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறம், காந்தம் பிடிக்கிறது, மூட்டில் மரை இருக்கிறது என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு, அதாவது ஜி.ஐ. பைப். சிவந்த நிறம், காந்தம் பிடிக்கவில்லை என்றால் செம்பு. மங்கலான சாம்பல் நிறமாக இருந்து, கத்தி பட்டதும் மெழுகு போல வழிந்து உள்ளே வெள்ளியாக மின்னினால் அது ஈயம். ஈயக் குழாய் இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள வேறெதையும் செய்ய வேண்டாம். அதை முழுதாக மாற்றுங்கள். பாதியை மட்டும் வெட்டிச் செம்பைச் சேர்த்தால், சேர்ந்த இடத்தில் ஈயம் முன்னைவிட வேகமாகக் கரையக்கூடும்.

குழாய் பிளாஸ்டிக் என்பதால் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. வால்வு, எல்போ, குழாய்த்தலை, பம்ப்பின் வாய், கீசரின் இணைப்பு இவையெல்லாம் பித்தளையாக இருக்கும். சொல்லப்போனால் ஆர்.ஓ. தண்ணீரில் நான் அதிகம் பார்க்கும் சேதம் பித்தளையில்தான். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஒத்துக்கொள்ளாத தண்ணீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது பொத்துப்பொத்தாக இருக்கும் செம்பு. வால்வின் உருவம் அப்படியே இருக்கும், உள்ளே வலு இருக்காது. மஞ்சள் நிறம் திட்டுத்திட்டாக ரோஜா நிறமாக மாறுவதும், வால்வுத் தண்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பதும் இதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட வால்வை ஸ்பேனர் போட்டு இறுக்காதீர்கள், கையோடு ஒடிந்து வந்துவிடும். முதலில் பிரதான வால்வை மூடிவிட்டு, பிறகு தொடுங்கள்.

பித்தளையில் இன்னொரு விஷயம், ஈயம். கடைசலுக்கு எளிதாக இருக்கப் பித்தளையில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். செம்புக் குழாய்களை இணைத்த பழைய பற்றாசிலும் ஈயம் பாதிவரை இருக்கும். அமெரிக்கா குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசை 1986-இல் தடை செய்தது. தண்ணீர் படும் பகுதியில் ஈயத்தின் சராசரி 0.25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி அங்கே 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பளபளக்கும் பழைய குழாய்த்தலை ஒன்று இருந்தால், உள்ளே ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஜி.ஐ. பைப்புக்கு இரண்டு விதிகள். தண்ணீர் ஓடும் திசையில் செம்புக்குப் பிறகு ஜி.ஐ. வரக்கூடாது. கரைந்து வரும் செம்பு துத்தநாகத்தின் மேல் புள்ளிபுள்ளியாகப் படிந்து, அந்தப் புள்ளிகளில் ஓட்டை போடும். ஜி.ஐ. முதலிலும் செம்பு பிறகும் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, ஜி.ஐ. குழாயில் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீரை ஓடவிடாதீர்கள். அந்தச் சூட்டில் துத்தநாகம் இரும்பைக் காப்பதை நிறுத்திவிடக்கூடும்.

எவர்சில்வர் குழாய்க்கும் இணைப்புக்கும் ஆர்.ஓ. தண்ணீரால் பயமில்லை. அதைக் காப்பது குரோமியம் ஆக்சைடு படலம். அதற்குச் சுண்ணாம்பு தேவையில்லை.

சோதனை

முதலில் காரத்தன்மை. இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மீன் தொட்டிக்காக விற்கும் கே.எச். சோதனைத் துளிகள் போதும். பல கிட்களில் 5 மில்லி தண்ணீரில் ஒரு துளி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் காரத்தன்மையைக் குறிக்கும். உங்கள் கிட்டின் தாளில் உள்ள கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை இரண்டு மடங்கு எடுத்தால் ஒரு துளியின் மதிப்பு பாதியாகும், அளவு இன்னும் நுணுக்கமாகக் கிடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் முதல் துளியிலேயே நிறம் மாறிவிடும். குழாய்க்கு எனக்குத் திருப்தியான அளவு குறைந்தது 50, முடிந்தால் 80.

பி.எச். அளப்பதில் பொறுமை வேண்டும். உப்பில்லாத தண்ணீரில் சாதாரண பி.எச். பேனா அலைந்துகொண்டே இருக்கும், ஓர் எண்ணில் நிற்காது. நிறம் மாறும் துளியும் தாளும் இன்னும் மோசம். அவற்றில் உள்ள சாயமே இந்தத் தண்ணீரின் பி.எச்.-ஐ மாற்றிவிடும். பேனாவை 4, 7 என்ற இரண்டு கரைசல்களிலும் சரிபார்த்துக்கொண்டு, நன்றாக அலசிவிட்டு, விளிம்புவரை நிரப்பிய பாட்டிலில் மெல்லக் கலக்கியபடி எண் அடங்கும்வரை காத்திருங்கள். தண்ணீரை டம்ளரில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அளந்தால், குழாய்க்குள் ஓடும் தண்ணீரின் அளவு கிடைக்காது. வாயு வெளியேறி பி.எச். ஏறியிருக்கும்.

முக்கியமான சோதனை உலோகத்துக்கானது. இரவு யாரும் குழாயைத் திறக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். குறைந்தது 6 மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும். காலையில் முதலில் வரும் 1 லிட்டரை, ஒரு சொட்டும் சிந்தாமல், சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். பிறகு சில நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது பாட்டிலைப் பிடியுங்கள். இரண்டையும் செம்புக்கும் ஈயத்துக்கும் ஆய்வகத்தில் கொடுங்கள். முதல் பாட்டிலில் அதிகமும் இரண்டாவதில் குறைவும் வந்தால், குற்றவாளி குழாய்த்தலையும் அதற்குப் பக்கத்தில் உள்ள இணைப்புகளும். இரண்டிலும் அதிகம் என்றால் உள்ளே நீளமான குழாயோ, வெளியிலிருந்து வரும் தண்ணீரோதான் காரணம். அப்போது வாசலில் ஒரு மாதிரி எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்புக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றும், ஈயத்துக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றும் அளவு வைத்திருக்கிறது. ஈயத்துக்கு நிறமில்லை, இந்த அளவில் ருசியும் இல்லை. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று நாக்கை நம்ப முடியாது. காய்ச்சினாலும் உலோகம் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அளவு கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பொருள் ஈயம்.

சில நிறுவனங்கள் அறிக்கையில் லாங்லியர் குறியீடு என்று ஓர் எண் தரும். 1936-இல் வில்ஃபிரெட் லாங்லியர் உருவாக்கியது அது. மைனஸில் இருந்தால் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைக்கும், பிளஸில் இருந்தால் படியவைக்கும். சுண்ணாம்பைப் பற்றித்தான் அது சொல்கிறது. உலோகம் எவ்வளவு அரிக்கும் என்று நேரடியாகச் சொல்லாது. பயன்படுத்தலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சமையலறை ஆர்.ஓ. மட்டும் இருந்தால்

வேலை சுலபம். சவ்வுக்கு முன்னால் என்ன உலோகம் இருந்தாலும் பரவாயில்லை, அங்கே ஓடுவது பழைய தண்ணீர்தான். சவ்வுக்குப் பின்னால் கடைசிச் சொட்டுவரை உலோகம் எதுவும் தண்ணீரில் படக்கூடாது. எவர்சில்வர் மட்டும் விதிவிலக்கு. இயந்திரத்தோடு வரும் கால் அங்குல பாலிஎதிலின் டியூபே போதும். அதை நீட்ட வேண்டியிருந்தால் கையில் கிடைத்த பித்தளை இணைப்பைப் போடாதீர்கள், பிளாஸ்டிக் இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். தனிக் குழாய்த்தலை வாங்கும்போது வெளியே என்ன முலாம் என்று பார்க்காமல், உள்ளே தண்ணீர் போகும் பாதை என்ன பொருள் என்று கேளுங்கள்.

ஐஸ் செய்யும் ஃபிரிட்ஜுக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கொடுக்கும் வீடுகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. முன்பு சாதாரணத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த மெல்லிய செம்பு டியூபிலேயே ஆர்.ஓ. தண்ணீரையும் இணைத்துவிடுகிறார்கள். ஐஸுக்கான தண்ணீர் அந்த டியூபில் மணிக்கணக்கில் நிற்கும். ஐஸில் உலோக ருசி வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டியூபைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றினால் பிரச்சினை முடிந்துவிடும்.

எஸ்பிரஸோ இயந்திரத்தில் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கொதிகலன் பெரும்பாலும் செம்போ பித்தளையோதான். அதோடு, பல இயந்திரங்கள் தண்ணீரின் மட்டத்தை அதன் வழியே ஓடும் மின்சாரத்தை வைத்துத்தான் அறிகின்றன. உப்பே இல்லாத தண்ணீர் உள்ளே இருப்பதே அவற்றுக்குத் தெரியாமல் போகலாம்.

வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. என்றால்

எங்கள் தண்ணீர் அவ்வளவு உப்பு, வேறு வழியில்லை என்கிறவர்கள் உண்டு. அது நியாயமான காரணம்தான். அப்படியானால் சவ்வுக்கும் வீட்டுக் குழாய்க்கும் நடுவே ஒரு கால்சைட் தொட்டி வையுங்கள். கால்சைட் என்பது கால்சியம் கார்பனேட் மணல், சுண்ணாம்புக்கல்லின் பொருள்தான். அதன் ஊடே போகும் கரியமில வாயு கலந்த தண்ணீர், கல்லைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட் ஆகிறது. அமிலம் போகிறது, கடினத்தன்மையும் காரத்தன்மையும் சேர்ந்தே ஏறுகின்றன. அமிலம் தீரத் தீரக் கரைவதும் தானாகக் குறைந்துவிடுவதால் அளவு மீறும் பயம் குறைவு. எனக்கு இந்த முறை பிடித்திருப்பதற்கு அதுவே காரணம். மெக்னீசியம் ஆக்சைடு மணல் இன்னும் வேகமாக பி.எச்.-ஐ ஏற்றும், ஆனால் தண்ணீர் நின்றுவிட்டால் மிகவும் காரமாக்கிவிடும். சேர்ப்பதானால் கால்சைட்டோடு சிறு பங்காக மட்டும் சேருங்கள்.

இதில் வரிசை முக்கியம். கால்சைட் சவ்வுக்கு உடனே அடுத்ததாக வர வேண்டும், அதற்குப் பிறகுதான் சேமிப்புத் தொட்டி. பலர் ஆர்.ஓ. தண்ணீரைத் திறந்த தொட்டியில் சேர்த்து, பம்ப் போட்டு, அப்புறம் கால்சைட் வழியாக விடுகிறார்கள். தொட்டியில் விழும்போதே வாயுவில் பெரும்பகுதி பறந்துவிடும்; கல்லைக் கரைக்க எதுவும் மிஞ்சாது. பி.எச். கொஞ்சம் ஏறியிருக்கும், காரத்தன்மை மட்டும் ஏறாது. அந்தத் தண்ணீர் குழாய்க்குப் பாதுகாப்பு இல்லை.

எவ்வளவு கல் தேவை என்பதையும் கணக்கிடலாம். 1 மில்லிகிராம் கரியமில வாயு சுமார் 2.3 மில்லிகிராம் கால்சைட்டைக் கரைக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வாயு உள்ள தண்ணீர், 23 மில்லிகிராம் காரத்தன்மையைப் பெறும். நாளுக்கு 500 லிட்டர் செலவாகும் வீட்டில் தினமும் 11 கிராமுக்கு மேல், ஆண்டுக்கு 4 கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கல் கரையும். வாயு இரண்டு மடங்கு இருந்தால் எல்லாம் இரண்டு மடங்கு. கல் குறையக் குறையத் தண்ணீர் அதைத் தொட்டுப் போகும் நேரமும் குறையும், ஆகவே தொட்டியில் பாதிக்குக் கீழே போக விடாமல் நிரப்புங்கள். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும்படி அமைத்தால் மணல் கட்டிதட்டாது.

காரத்தன்மை 23 போதாது, குறைந்தது 50 வேண்டும் என்றால் பழைய தண்ணீரைக் கொஞ்சம் கலக்கலாம். வீட்டு ஆர்.ஓ.க்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று வரும் சிறு திருகு இதைத்தான் செய்கிறது. வரும் தண்ணீரின் டி.டி.எஸ். 600, ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். 30 என்றால், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பழைய தண்ணீரைச் சேர்த்தால் 120 கிடைக்கும். ஆனால் எதற்காக ஆர்.ஓ. வைத்தீர்கள் என்று யோசியுங்கள். ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றுக்காக என்றால் கலக்கவே கூடாது. ஆறில் ஒரு பங்கு தண்ணீரோடு ஆறில் ஒரு பங்கு விஷமும் திரும்ப வரும். கிருமி உள்ள தண்ணீர் என்றால், கலந்த பிறகு புற ஊதா விளக்கு இருக்க வேண்டும்.

புதிதாகக் கட்டும் வீடு என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். குழாயைச் சி.பி.வி.சி. அல்லது பெக்ஸ் பிளாஸ்டிக், வால்வுகளை எவர்சில்வர் அல்லது துத்தநாகம் கரையாத டி.இசட்.ஆர். பித்தளை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஆனால் கால்சைட் அப்போதும் இருக்கட்டும், கீசரும் பம்ப்பும் உலோகம்தானே.

பழைய வீட்டில் தண்ணீரை மாற்றிய முதல் சில வாரங்களில் துருவும் செதிலும் வரும். படிவுதான் அடைத்து வைத்திருந்த ஊசித்துளைகள் அப்போது ஒழுக ஆரம்பிக்கலாம். குழாய் நுனியில் இருக்கும் சிறு வலையைக் கழற்றி அடிக்கடி கழுவுங்கள். ஈயப் பற்றாசின் துணுக்குகளும் துருவும் சேர்வது அங்கேதான்.

கீசர்

எனாமல் பூசிய தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், ஆனோடு என்பார்கள். தொட்டிக்குப் பதிலாக அது கரையும். சாஃப்ட்னர் தண்ணீரில் இது வேகமாகத் தேயும், ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நடுவிலுள்ள எஃகுக் கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் நேர்மாறு. உப்பு மிகக் குறைந்துவிட்டால் கம்பியிலிருந்து மின்னோட்டம் தொட்டிச் சுவரின் மூலைமுடுக்குகளுக்கு எட்டாது. கம்பி புதிதாக இருப்பது போலத் தெரியும், தொட்டி அரித்துக்கொண்டிருக்கும். கம்பியைப் பார்த்து ஏமாறாமல், முதலில் தண்ணீரில் கால்சைட்டைச் சேர்ப்பதைக் கவனியுங்கள்.

சூடான தண்ணீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். சமைக்கவும் குடிக்கவும் எப்போதும் குளிர்ந்த குழாயிலிருந்து பிடித்துச் சூடாக்குங்கள்.

குழாய் மாற்றும் முன்

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய வீடுகளில் உலோகத் தண்ணீர்க் குழாயையே மின்சார எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். நடுவில் ஒரு துண்டைப் பிளாஸ்டிக்காக மாற்றினால் எர்த் அறுந்துவிடும். கீசரில் கசிவு ஏற்பட்டால் குழாயைத் தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து. வெட்டுவதற்கு முன் மின்பணியாளரை அழைத்து, எர்த்துக்குத் தனி வழி செய்த பிறகுதான் ரம்பத்தை எடுக்க வேண்டும்.

எல்லாம் முடியும்வரை, காலையில் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். குளிக்கவோ துணி அலசவோ அந்தக் குழாயைப் பயன்படுத்தி, நின்ற தண்ணீர் வெளியேறிய பிறகு குடிக்கப் பிடியுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் இன்னும் அதிக நேரம் ஓடவிடுங்கள். வேலை முடிந்ததும் மாதம் ஒருமுறை காரத்தன்மையையும் பி.எச்.-ஐயும் அளந்து, கால்சைட் நிரப்பிய தேதியோடு ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்தின் மேலேயே தொங்கவிடுங்கள். காரத்தன்மை இறங்கத் தொடங்கினால் கல் தீர்கிறது என்று அர்த்தம், அந்த வாரமே நிரப்புங்கள். ஆறு மாதம் கழித்து அதே இரண்டு பாட்டில்களை, அதே குழாயில், அதே முறையில் பிடித்து மறுபடியும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.